கால்நடைப் பக்கத்தில் ஒரு கூட்டல் பெட்டி

மரியப்பன் செய்த பெட்டிக்கு இரண்டும் இரண்டும் நான்கு என்று தெரியும். அதைச் சொல்வதற்குள் அது நூறு தடவை டக் டக்கென்று அடித்துக்கொள்கிறது என்பதுதான் அவர் மனைவி வியாகுலம்மாளின் குறை.

"இதை நான் விரல்விட்டே எண்ணிப்புடுவேனே" என்றாள்.

"விரலு பத்துதான இருக்கு" என்றார் மரியப்பன்.

பட்டாளத்தில் பதினாறு வருஷம் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர் அவர். காரைக்குடி செக்காலையில், வீட்டின் முன் அறையிலேயே ரேடியோ ரிப்பேர் கடை. வேலை இல்லாத நேரமெல்லாம் இந்தப் பெட்டிதான். மதுரைக்குப் போகும்போதெல்லாம் பழைய இரும்புக் கடைகளில் நுழைந்து, கழித்துப்போட்ட ரிலேக்களைப் பொறுக்கி வருவார். ரிலே என்றால் பெரிய சமாசாரம் இல்லை. மின்சாரம் வந்தால் டக்கென்று ஒட்டிக்கொண்டு, போனால் விட்டுவிடுகிற ஒரு சின்ன இரும்பு நாக்கு. அப்படி நூற்று அறுபது நாக்குகளைக் கோத்து, எது ஒட்டினால் எது விட வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஆறு வருஷத்தில் ஒரு பெட்டிக்குள் அடக்கியிருந்தார். பெட்டி, இடித்த வீட்டுத் தேக்குப் பலகையில் வயிரவன் ஆசாரி செய்து கொடுத்தது. முன்பக்கம் எண்களைத் திருப்பக் குமிழ்கள், விடை காட்டச் சின்ன பல்புகள், வலது பக்கம் ஒரு சுவிட்சு. மூன்று இலக்க எண்கள் இரண்டைக் கொடுத்தால் கூட்டிச் சொல்லும். உள்ளே கோளாறு ஏதாவது இருந்தால் ஒயர் கருகாமல் தானே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளவும் ஒரு ரிலே வைத்திருந்தார். அந்த ஒரு ரிலேயை நினைத்து அவருக்குத் தனியாக ஒரு பெருமை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருஷம் தை மாதம், நெடுவயல் ஊராட்சி ஒன்றியத்தின் ஆணையாளர் இராமநாதன் தன் டிரான்சிஸ்டரை ரிப்பேருக்கு எடுத்துக்கொண்டு வந்தார். வந்த இடத்தில் பெட்டியைப் பார்த்தார். முந்நூறையும் இருநூறையும் கூட்டச் சொன்னார். பெட்டி டக் டக்கென்று அடித்து ஐந்நூறு என்று விளக்கேற்றியது.

"மரியப்பன், இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார் ஆணையாளர்.

"கூட்டல் பெட்டி சார்."

"இல்ல. கம்ப்யூட்டர். செஞ்சவங்களுக்கு இதெல்லாம் தெரியாது. பார்க்கிறவங்களுக்குத்தான் தெரியும்."

அடுத்த மாதம் ஒன்றியத்தில் வளர்ச்சி விழா. பூசணிக்காய், உரம், கோழிக்குஞ்சு என்று வழக்கமான கண்காட்சி. மதுரையிலிருந்து மாவட்ட மேலதிகாரி திறந்துவைக்க வருகிறார். மூன்றே நாளைக்குப் பெட்டியைக் கொடுத்தால் போதும், மேலதிகாரியே சுவிட்சைப் போடுவார் என்றார் ஆணையாளர். பட்டாளத்தில்கூட மரியப்பனை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை.

"மூணு நாள்னா மூணு நாள்ல வந்துருமா?" என்று கதவோரம் நின்று கேட்டாள் வியாகுலம்மாள்.

"அரசாங்கம்மா இது" என்றார் ஆணையாளர். வியாகுலம்மாள் அதற்குப் பிறகும் கதவோரமே நின்றுகொண்டிருந்தாள்.

ஒன்றியத்து ஜீப்பின் பின்னால் ஒரு தள்ளுவண்டியைக் கட்டி, அதில் வைக்கோல் பரப்பி, பெட்டியை ஏற்றினார்கள். நெடுவயல் ரோடு பள்ளத்துக்கு நடுவே அங்கங்கே ரோடு உள்ள ரோடு. போய் இறக்கும்போது பெட்டிக்குள் கிலுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. மரியப்பனுக்கு அது போதும். ஏதோ ஒரு ஸ்குரூ கழன்று உள்ளே விழுந்திருக்கிறது. பின் பலகையைத் திறந்தால் இரண்டு நிமிஷ வேலை. சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் காளிதாஸ்.

காளிதாஸ் ஒன்றியத்தின் ஸ்டோர் கிளார்க். எழுத்தர் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். கையில் தடிமனான ஒரு பதிவேடு இருந்தது. வளாகத்துக்குள் வரும் எந்தப் பொருளும் அதில் ஏற வேண்டும். ஏறாத பொருள் வளாகத்துக்குள் இல்லை என்று அர்த்தம். இல்லாத பொருளை எப்படித் திறப்பது?

காளிதாஸ் பக்கங்களைப் புரட்டினார். மேசை நாற்காலிப் பக்கம் நிரம்பியிருந்தது. பாத்திரப் பக்கமும் அப்படியே. வாகனப் பக்கத்தில் இடம் இருந்தது, ஆனால் பெட்டிக்கு நம்பர் இல்லை. கடைசியில் கால்நடைப் பக்கத்துக்கு வந்தார். ஒன்றியத்துக்குச் சொந்தமான பொலிகாளை இரண்டு வருஷத்துக்கு முன் செத்துப்போனதிலிருந்து அந்தப் பக்கம் சும்மா கிடந்தது.

"ஒண்ணு. பழுப்பு நிறம். நல்ல உடல்நிலை" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். மரியப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோவிச்சுக்காதீக. பேருக்குத்தான். மூணு நாள்ல பதிவை அடிச்சிருவோம்" என்றார்.

"சரி, திறந்துக்கிறட்டுமா?"

"ஏத்தியாச்சே. இனிமே இது கண்காட்சிப் பொருள். மேலதிகாரி வர்றவரைக்கும் ஒரு கை படக் கூடாது."

பெட்டியின் குறுக்கும் நெடுக்குமாகச் சணல் கட்டி, நான்கு பக்கமும் அரக்கு முத்திரை வைத்தார்கள். சுவிட்சும் ஒயரும் குமிழ்களும் பல்புகளும் மட்டும் வெளியே தெரிந்தன. மரியப்பன் திருப்புளியைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விழா அன்று காளிதாஸும் மற்ற எழுத்தர்களும் கறுப்புத் துணித் துண்டைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார்கள். கம்ப்யூட்டர் வந்தால் எழுத்தர்கள் வேலை போய்விடும் என்று முதல் நாள் சங்கத்தில் தீர்மானம் போட்டிருந்தார்கள். பெட்டியை மேடைக்குத் தூக்கி வைத்ததும் அதே எழுத்தர்கள்தான். வேறு ஆள் இல்லை.

மேலதிகாரி முக்கால் மணி நேரம் பேசினார்.

"மனிதன் தவறு செய்பவன். யந்திரம் தவறு செய்யாது. ஆகவேதான் இதுநாள்வரை எந்த யந்திரத்தையும் நம் அலுவலகங்களுக்குள் அவசரப்பட்டு அனுமதிக்கவில்லை. நான் முப்பது ஆண்டுப் பணியில் ஒரு கணக்கையும் நானே போட்டதில்லை. போட்டவர்களிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வேன். இனி இந்த யந்திரத்திடம் வாங்கிக்கொள்வேன். முன்னேற்றம் என்பது இதுதான்."

கைதட்டல் ஓய்ந்ததும் குமிழ்களில் இரண்டு எண்களைத் திருப்பிவிட்டுச் சுவிட்சைப் போட்டார். எல்லாப் பல்புகளும் ஒரு விநாடி பளிச்சென்று எரிந்தன. உள்ளே டக்கென்று ஒரு சத்தம். எல்லாம் அணைந்துவிட்டன.

மேலதிகாரி கைதட்டினார். பிறகு, "விடை எங்கே?" என்று கேட்டார்.

ஆணையாளர் மறுபடி சுவிட்சைப் போட்டார். மறுபடி பளிச், டக், இருட்டு. மூன்றாம் தடவையும் அதேதான்.

"யோசிக்குது சார்" என்றார் ஆணையாளர்.

"நல்ல பழக்கம்" என்றார் மேலதிகாரி. "மேலிடத்துக் கேள்விக்கு உடனே பதில் சொல்லக் கூடாது."

கால் மணி நேரம் எல்லோரும் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தில் யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு பந்தல் முழுவதும் சிரித்தது. செக்காலையிலிருந்து வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த வியாகுலம்மாள், புருஷன் பக்கம் திரும்பாமல், முந்தானையின் சரிகையை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தாள். மரியப்பனுக்கு அந்தச் சிரிப்புகூடப் பெரிதாகப் படவில்லை. அவள் திரும்பாததுதான் உறுத்தியது.

மேடைக்குப் பின்னால் ஓடினார். "சார், ஒரு ஸ்குரூ சார். ரெண்டு கம்பிக்கு நடுவுல கெடக்குது. அதனாலதான் பாதுகாப்பு ரிலே நிறுத்துது. பெட்டி சரியாத்தான் வேலை செய்யுது. திறக்க விட்டீகன்னா..."

"மரியப்பன்" என்றார் ஆணையாளர், அன்பாகவே. "மேலதிகாரி முன்னால நின்னுபோன யந்திரம் இது. இனி விசாரணை முடியாமத் தொட முடியாது."

விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு அமைந்தது. ஆணையாளர் தலைவர். பதிவேடு வைத்திருப்பதால் காளிதாஸ் உறுப்பினர். பொருள் கால்நடைப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றியத்துக் கால்நடை மருத்துவர் கோட்டைச்சாமி பொறுப்பு அதிகாரி. அவர் அப்போது கிராமம் கிராமமாகக் கோமாரி ஊசி போடப் போயிருந்தார். அவர் இல்லாமலே குழு கூடியது.

முதல் கூட்டத்தில், பெட்டி நின்றுவிட்டதா அல்லது இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். இரண்டாம் கூட்டத்தில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மின்சாரம் கொடுத்தால் பெட்டி நின்றுவிடுகிறது, கொடுக்காதபோது அது நிற்பதில்லை, ஆகவே கோளாறு மின்சாரத்தில் இருக்கலாம். மின்சார அலுவலகத்துக்குக் கடிதம் போனது. மின்சாரம் நலமாக இருப்பதாகப் பதில் வந்தது.

மரியப்பன் திங்கட்கிழமைதோறும் பஸ் ஏறி நெடுவயலுக்கு வந்தார். சட்டைப் பையில் திருப்புளி இருக்கும். பெட்டி ஆணையாளர் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில், சணல் கட்டோடு கிடந்தது. வருகிறவர்கள் அதன்மேல் குடையை வைத்தார்கள். ஒரு வாரம் யாரோ டீ கிளாஸை வைத்துப் போன வட்டம் தேக்கில் விழுந்திருந்தது. மரியப்பன் தன் துண்டால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை.

"ரிப்பேருக்கு நீங்க மனுப் போடலாம்" என்று வழி சொன்னார் காளிதாஸ். "ஆனா முன் அனுபவச் சான்று வேணும். இதுக்கு முன்னாடி எந்தக் கம்ப்யூட்டரை ரிப்பேர் பண்ணியிருக்கீக?"

"இதைச் செஞ்சதே நான்தானே தம்பி."

"செஞ்சது வேற. ரிப்பேர் வேற. இதைச் செய்யறதுக்கு முன்னாடி?"

"முன்னாடி ஒண்ணும் செய்யல. இதுதான் மொதப் பெட்டி."

"அப்ப அனுபவம் இல்ல" என்று காளிதாஸ் வருத்தத்தோடு எழுதிக்கொண்டார். பெட்டி ஓடாமல் போனதிலிருந்து அவருக்கு அதன்மேல் ஒரு பிரியம் வந்திருந்தது. கறுப்புத் துணியைக் கழற்றிவிட்டார். ஓடாத கம்ப்யூட்டரைக் காவல் காக்க ஒரு தனி எழுத்தர் வேண்டும் என்று சங்கம் இப்போது புதுத் தீர்மானம் போட்டிருந்தது.

வீட்டில் வியாகுலம்மாள் பெட்டியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். அது இருந்த மேசையில் பழைய துணியை விரித்து வைத்திருந்தாள். வேறு எதையும் அங்கே வைக்கவில்லை.

ஆறாவது வாரம் மரியப்பன் போனபோது ஆணையாளர் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னதிலேயே மரியப்பனுக்குப் பயம் வந்துவிட்டது.

"அறிக்கை மதுரைக்குப் போயாச்சு. மூணு பிரதி. 'இப்பொருள் இயங்கும் தன்மை அற்றது' அப்படின்னு. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை குறைவா எழுதல. ஏன்னா உங்களைப் பத்தி எழுதவே இல்ல."

"பெட்டியை எடுத்துக்கிறட்டுமா சார்?"

"அதெப்படி? இயங்காத பொருளை வெளியே விட்டா, வெளியே போய் இயங்கிருச்சுன்னா? உடைச்சு மாணவர் விடுதிக்கு விறகாக் கொடுக்கச் சொல்லியிருக்கோம். நல்ல தேக்கு. நாளைக்குக் காலையில. கோட்டைச்சாமி டாக்டர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

மரியப்பன் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். ஆறு வருஷம், நூற்று அறுபது ரிலே, விறகு என்று மனசு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து போய்த் தாழ்வாரத்தில் பெட்டியின் பக்கத்தில், தரையில் உட்கார்ந்துகொண்டார். மத்தியான பஸ் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது.

சாயங்காலம் சைக்கிளில் கோட்டைச்சாமி வந்தார். முழங்கால்வரை சேறு. மூன்று மாதமாக மாடுகளைத் தவிர வேறு யாரையும் பார்க்காத முகம். காளிதாஸ் அறிக்கையை நீட்டினார். கோட்டைச்சாமி பேனாவைத் திறக்கவில்லை.

"நோயாளியைப் பார்க்காம நான் கையெழுத்துப் போடறதில்ல" என்றார்.

தாழ்வாரத்துக்கு வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து, இரண்டு பக்கமும் பிடித்து லேசாக அசைத்தார். கிலுக் என்றது. காதை வைத்துக் கேட்டார். இன்னொரு தடவை அசைத்தார்.

"சுவிட்சு போட்டா என்ன செய்யுது?"

"ஒரு விநாடி எரிஞ்சு அணைஞ்சிருது சார்" என்றார் மரியப்பன்.

"வயித்துல அன்னியப் பொருள் இருக்கு. மேய்ச்சல்ல ஆணி, கம்பின்னு முழுங்கிப்புட்டு மாடு இப்படித்தான் நிக்கும். எந்திரிக்கும், படுத்துக்கிரும். வயித்தைத் திறந்து எடுத்தாச் சரியாப்போகும்."

மரியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அதைத்தான் சார் ஆறு வாரமாச் சொல்றேன்."

"டாக்டர், இது யந்திரம்" என்றார் வாசலுக்கு வந்த ஆணையாளர். "திறக்கணும்னா மதுரையிலருந்து அனுமதி வரணும்."

"யந்திரத்துக்கு வரணும். மாட்டுக்கு வேண்டாம். அவசர சிகிச்சைக்கு நானே பொறுப்பு. பதிவேட்டை எடுங்க தம்பி."

காளிதாஸ் எடுத்தார். கால்நடை, ஒன்று, பழுப்பு நிறம். கீழே ஆணையாளரின் கையெழுத்து.

"இது மாடு இல்லன்னா பதிவேடு தப்பு" என்றார் கோட்டைச்சாமி. "தப்புன்னு எழுதிக் கொடுங்க, நான் போயிருறேன். குளிச்சு மூணு நாளாச்சு."

அந்த அலுவலகத்தில் கட்டடம் ஒழுகியிருக்கிறது, ஜீப் கவிழ்ந்திருக்கிறது, பதிவேடு மட்டும் ஒருநாளும் தப்பாக இருந்ததில்லை. ஆணையாளர் பெட்டியைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார்.

"சீக்கிரமாப் பாருங்க" என்றார்.

கோட்டைச்சாமி அரக்கை உடைத்தார். மரியப்பன் திருப்புளியால் பின் பலகையைக் கழற்றினார். உள்ளே, இரண்டு செம்புப் பட்டைகளுக்கு நடுவில், விரல் நுழையாத சந்தில், ஒரு சின்னப் பித்தளை ஸ்குரூ கிடந்தது. டாக்டர் தன் பையிலிருந்து நீளக் குறடு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மரியப்பன் ஸ்குரூவை எடுத்து, அது இருந்த இடத்திலேயே திரும்ப முடுக்கினார்.

சுவிட்சைப் போட்டதும் பல்புகள் எரிந்தன. அணையவில்லை.

"முந்நூத்தி நாப்பத்தேழும் இருநூத்தி எம்பத்தஞ்சும்" என்றார் கோட்டைச்சாமி.

பெட்டி டக் டக்கென்று தாழ்வாரம் முழுவதும் கேட்க அடித்துக்கொண்டு, அறுநூற்று முப்பத்திரண்டு என்று நின்றது. காளிதாஸ் உள்ளங்கையில் பேனாவால் கூட்டிப் பார்த்தார். இரண்டாம் தடவை கூட்டியபோது அவருக்கும் அறுநூற்று முப்பத்திரண்டு வந்தது.

மகிழ்ச்சியடையாதவர் ஆணையாளர் ஒருவர்தான். "மரியப்பன், என் நிலைமையை யோசிங்க. இயங்காதுன்னு நான் மூணு பிரதி எழுதியிருக்கேன். இப்ப இது இயங்கினா நான் பொய் சொன்னவன் ஆயிருவேன். நான் வாழ்க்கையில பொய் சொன்னதே இல்ல. தயவுசெஞ்சு அந்த ஸ்குரூவைத் திரும்ப உள்ள போட்டிருங்க."

மரியப்பன் திருப்புளியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அது முடியாது" என்றார் கோட்டைச்சாமி, கையைத் துடைத்தபடி. "குணமான மாட்டை உடமஸ்தர்கிட்ட ஒப்படைச்சாகணும். அதுவும் விதிதான். உங்க அறிக்கையில யந்திரம்தானே இயங்காது? அது அப்படியே இருக்கட்டும். வெளியே போறது மாடு."

ஆணையாளரின் முகம் மெதுவாகத் தெளிந்தது. "அப்ப யந்திரம்?"

"அதைப் பதிவேட்டுல தேடிப் பாருங்க. யந்திரம்னு எதுவும் ஏறவே இல்லையே."

டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வயிற்றிலிருந்து ஸ்குரூ ஒன்று எடுக்கப்பட்டது, உடல்நிலை தேறியது, உடமஸ்தர் மரியப்பன், செக்காலை. பெட்டியை வாடகை வண்டியில் ஏற்றி, பள்ளம் வந்த இடமெல்லாம் இறங்கி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி மரியப்பன் வீடு வந்து சேர்ந்தார். வியாகுலம்மாள் மேசைத் துணியை உருவினாள். சீட்டை வாங்கி விளக்கடியில் படித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள், சிரித்து முடிக்க நேரமும் ஆனது.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை காளிதாஸ் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒன்றியத்திலிருந்து ஒரு உத்தரவு. பதிவேட்டில் கண்ட பழுப்பு நிறக் கால்நடைக்கு அடைப்பான் ஊசி போடப்படவில்லை. உடமஸ்தர் ஏழு நாளைக்குள் ஓட்டிவர வேண்டும், தவறினால் நடவடிக்கை. மரியப்பன் அதை இரண்டு தடவை படித்தார். அவருக்கு அந்த நெடுவயல் ரோடு கண்ணுக்கு முன்னால் வந்தது.

காளிதாஸ் போகாமல் நின்றார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

"மூணு கிராமத்து மாட்டுத்தொகை. மூணு தடவை கூட்டுனேன், மூணு விதமா வருது. திங்கக்கிழமை மதுரைக்குப் போகணும்." தெருப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "சங்கத்துக்குத் தெரிய வேண்டாம்."

மரியப்பன் குமிழ்களைத் திருப்பினார். நானூற்றுப் பன்னிரண்டும் நூற்று எழுபத்தெட்டும். வந்த விடையோடு இருநூற்று ஐந்து. எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து என்று பல்புகள் நின்றன. காளிதாஸ் எழுதிக்கொண்டு, கீழே 'கூட்டிச் சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டார். வியாகுலம்மாள் கொடுத்த காப்பியைக் குடித்தார். குடித்து முடித்ததும் ஊசி உத்தரவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நெடுவயல் வரைக்கும் எதுக்கு அலையறீக. போட்டாச்சுன்னு நானே எழுதிக்கிறேன். கழுத்துல எந்தப் பக்கம் போட்டதுன்னு ஒரு கட்டம் இருக்கு. வலப்பக்கம்னு எழுதிறட்டுமா?"

மரியப்பன் பெட்டியைப் பார்த்தார்.

"இடப்பக்கம்னு எழுதுங்க தம்பி" என்றாள் வியாகுலம்மாள், காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டே. "வலப்பக்கம் சுவிட்சு இருக்குல்ல."